சன்னம் தொடும் இடம்

எழுபத்தொன்பது தசம் நாலு இரண்டு. அதற்கு முன்னால் எண்பது தசம் ஒன்பது. அதற்கும் முன்னால் எண்பது தசம் எட்டு எட்டு. ஒரே துவக்கு, ஒரே கோது, ஒரே கை. நீளம் அளக்கிற கலிப்பரின் சின்னக் கண்ணாடியில் இலக்கம் மட்டும் ஒவ்வொரு தரமும் தன் எண்ணத்துக்கு வந்து நிற்கிறது. குசினி மேசையில் பழைய துவாயை நாலாய் மடித்துப் போட்டு அதன்மேல் துவக்கைக் கிடத்தியிருக்கிறேன். யன்னலுக்கு வெளியே குடாக்கடல் சாம்பலாய்க் கிடக்கிறது, காலை பத்து மணி, அவர் துறைமுகத்துக்குப் போய்விட்டார், வரும்போது இலக்கம் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தயாராக இருக்கிறது. மூன்று இருக்கிறது. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். என் மனுஷன் பொனிபாஸ் எனக்கு விளங்கப்படுத்திய விதம் இதுதான்: துவக்கின் பின்பக்கத்தில் தோட்டா படுக்கிற அறை இருக்கிறது, அந்த அறை முடிகிற இடத்தில் குழலுக்குள் சுற்றிச் சுற்றிப் போகிற வரிகள் தொடங்கும், தோட்டாவின் முனையில் இருந்து பறந்துபோகிற சன்னத்தின் தோள் அந்த வரிகளைத் தொடும் நீளம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும், தோட்டா செய்யும்போது அதைவிட ஒரு மயிரளவு கட்டையாகச் செய்ய வேண்டும். தொட்டபடி இருந்தால் வெடிக்கிற வேகம் முன்னால் போக இடமில்லாமல் பின்னால் வரும். பின்னால் இருப்பது அவருடைய முகம். இதை அவர் ஏதோ குழாயில் தண்ணீர் அடைத்துக்கொண்டதைப் போலச் சொன்னார். வெடித்த தோட்டாவின் வெறுங்கோது ஒன்றின் கழுத்தை இரும்பறுக்கிற வாளால் கீறி வைத்திருக்கிறார். அதற்குள் சன்னத்தை இலேசாகச் செருகி, அறைக்குள் தள்ளிப் பூட்டினால் வரிகள் சன்னத்தைப் பின்னால் தள்ளும், மெல்லத் திறந்து எடுத்து அளந்தால் அதுதான் நீளம். ஐந்து தரம் அளக்க வேண்டும். ஐந்தும் ஒன்றுபோல வரவேண்டும், கடைசி இலக்கம் கொஞ்சம் அங்கே இங்கே போகலாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். எட்டு ஒன்பதாகலாம், ஒன்பது பத்தாகலாம் என்றார். இது ஒன்றரை மில்லிமீற்றர். ஒரு அரிசியின் அகலம். என் கையில்தான் பிழை. தசமத்துக்குப் பிறகு வருகிற இலக்கம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். எட்டாம் வகுப்பில் தசமம் தொடங்கி இரண்டு கிழமையில் பள்ளிக்கூடம் பூட்டுப்பட்டது. திறந்தபோது நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் போகவில்லை. தசமம் அந்த இரண்டு கிழமையோடு நின்றுபோனது. நாலு இரண்டு பெரிதா, ஒன்பது பெரிதா என்று இப்போதும் ஒருதரம் நின்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

துவக்கின் பூட்டைப் பின்னால் இழுத்தேன். அந்தச் சத்தம். இருபத்தெட்டு வருடம் நோர்வேயில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் நான் இன்னும் சண்டை நடந்த எங்கள் ஊரில்தான் இருக்கிறேன். துவக்கின் முன்பக்கத்தை மட்டும்தான் எனக்குத் தெரியும். பின்பக்கம் இவ்வளவு மினுக்கமாக, ஒரு எவர்சில்வர் டம்ளரின் உட்புறம் போல இருக்கும் என்று ஐம்பத்திரண்டு வயதில்தான் கண்டேன், அதுவும் போன வருடம், அதுவும் அவருடைய கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்த பிறகு. வேட்டை முடிந்து வந்து வாசலில் நின்றார். வலது கன்னத்தில் மிளகைத் தூவினதுபோல ஏழெட்டுப் புள்ளி. என்ன இது என்றேன். ஒன்றுமில்லை, ஏதோ அசைந்ததென்று ஒரு வெடி வைத்தேன், கோதின் அடி கொஞ்சம் கிழிந்து காற்று பின்னால் வந்துவிட்டது, கண்ணாடி போட்டிருந்தபடியால் பிரச்சினை இல்லை என்றார். காற்றாம். மீனில் முள் எடுக்கிற இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஸ்ஸ் என்றார், ஒவ்வொன்றுக்கும் எனக்குக் கோபம் ஏறியது. கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா விற்கிறான், வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் என்ன? ஓட்வார் தானே செய்கிறான், ஓட்வாரின் தகப்பன் தானே செய்தார், அந்தக் கூட்டத்தில் பத்துப் பேரும் தாங்களே செய்கிறார்கள், கடைத் தோட்டாவோடு போய் நிற்க வெட்கமாம். ஓட்வார் வேட்டைக்கூட்டத்தின் தலைவன், மீன் தொழிற்சாலையில் இவருக்கு மேலாளாக இருந்தவன். இருபது வருடம் பக்கத்தில் நின்று மீன் பெட்டி தூக்கிய பிறகுதான் ஒருநாள் கேட்டானாம், பொனிபாஸ், நீயும் எல்க் மான் வேட்டைக்கு வாறியா என்று. அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வரை நடந்தார். எனக்கு மான் இறைச்சியும் வேண்டாம், காடும் வேண்டாம், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்று சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் சனிக்கிழமை சமைக்காமல் இந்த இரும்புக் குழாயின் தொண்டையை அளந்துகொண்டு இருக்க மாட்டேன். புள்ளிகளை எடுத்து முடித்த அன்றே சொன்னேன், இனி நான் அளந்து தராமல் ஒரு தோட்டாவும் செய்யக்கூடாது என்று. சிரித்தார். நீரோ, என்றார். நான்தான், என்றேன். ட்ரொம்ஸோவில் இருக்கும் மகள் மெர்லின் போனில் கேட்டுவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் விசர் என்று வைத்துவிட்டாள்.

நாலாவது. பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் கையை விட்டு இன்னொரு சன்னம் எடுத்தேன், துடைத்தேன், கீறின கழுத்துக்குள் செருகினேன். தள்ளும்போது பெலம் கொடுக்கக்கூடாது, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரித் தள்ள வேண்டும். அந்த உவமை அவருடையது, எனக்காகக் கண்டுபிடித்தது, எனக்கு அதிலும் எரிச்சல்தான். தள்ளினேன், பூட்டினேன், திறந்தேன். கோது மட்டும் வந்தது. சன்னம் உள்ளே வரிகளில் கவ்வப்பட்டு நின்றுவிட்டது. குழல் துடைக்கிற கம்பியை முன்பக்கத்தால் விட்டு மெல்லத் தட்டினேன். முன்பக்கத்தால் விடும்போது தலையை ஒதுக்கிக்கொண்டேன். உள்ளே வெடி ஒன்றும் இல்லை, மருந்து ஒன்றும் இல்லை, நானே மூன்று தரம் பார்த்தேன், இருந்தாலும் ஒதுக்கிக்கொண்டேன். டக் என்று துவாயில் விழுந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தேன், தோளைச் சுற்றி நாலு சின்னக் கீறல், பால்பல்லால் கடித்ததுபோல. இதைத் திரும்ப வைத்து அளக்க வேண்டும். மனம் வரவில்லை. ஒன்றை வைத்தே ஐந்து தரமும் அளக்க வேண்டும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார், எடுத்ததையே திரும்ப வைக்க வேண்டும், புதிது எடுக்கக்கூடாது என்று. எனக்கு அது ஒருக்காலும் ஏறவில்லை. கடித்ததைத் திரும்ப எப்படி வைப்பது? எச்சில்பட்ட கரண்டியைக் கறிச் சட்டிக்குள் விடுவதா? இரும்புக்கு ஏது எச்சில், செம்புக்கு ஏது எச்சில், தெரியும். தெரிந்தும் என் கை கடிபட்டதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கிறது, அம்மா எங்களுக்கு அடித்து அடித்துப் பழக்கிய கை. புதிது எடுத்தேன். எழுபத்தொன்பது தசம் நாலு ஐந்து. சரி, இது நாலு இரண்டுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஒரு இழை சந்தோஷம் வந்தது. அப்படியானால் எண்பதுகள்தான் பிழை. இன்னொன்று எடுத்தேன். எண்பது தசம் ஒன்பது ஒன்று. கலிப்பரைத் துவாயில் போட்டேன். பெற்றறி செத்துக்கொண்டு வருகிறதோ என்று ரீவி ரிமோற்றில் இருந்ததைக் கழற்றிப் பார்த்தேன், அளவு வேறு, பொருந்தாது. கலிப்பரின் வாயை மூடிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன், பூச்சியம் ஒழுங்காகத்தான் வருகிறது. அப்படியென்றால் கை. என் கை நடுங்குகிறதா? நீட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் கீழிருந்து வெளிச்சம் வருகிற மேசையில் மீன் துண்டை வைத்து முள்ளும் புழுவும் எடுத்த கை. நூல் மாதிரிப் புழு, மீனின் நிறமே அதற்கும் நிறம், ஒரு மணித்தியாலத்தில் முந்நூறு துண்டு, ஒரு துண்டும் எனக்குத் திரும்பி வந்ததில்லை. அதற்கு முன்னால் எட்டு வருடம் பிளவுஸ், நாடா இல்லாமல் கண்ணால் பார்த்தே முப்பத்தாறா முப்பத்தெட்டா என்று சொல்லுவேன். இந்தக் கை நடுங்கவில்லை. நடுங்காத கையில் எப்படி ஒரு அரிசி வித்தியாசம் வரும்? அவர் வந்து, எத்தனை என்று கேட்பார். நான் இரண்டு விதமாகச் சொல்வேன். அவர் அந்தச் சிரிப்பைச் சிரிப்பார், சரி விடும் யூஜினி, நான் பார்த்துக்கொள்ளுறன் என்பார், தானே அளப்பார், தானே செய்வார், திங்கட்கிழமை போவார், ஏதோ ஒரு மரத்தடியில் நின்று கன்னத்தைத் துவக்கின் கட்டையில் வைப்பார். கண்ணாடி போட்டிருந்தபடியால் தப்பின கண், இந்த முறை? பேசாமல் குறைந்த இலக்கத்தைச் சொல்லிவிடலாமா? எழுபத்தொன்பது என்று. கட்டையாகச் செய்தால் ஒன்றும் தொடாது, ஒன்றும் பின்னால் வராது. ஆனால் பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும், அவர் உடனே பிடித்துவிடுவார். அத்தோடு அதுதான் சரி என்று யார் சொன்னது? பிழை எங்கே என்று தெரியாமல் பிழைக்குப் பயந்து ஒரு இலக்கத்தைச் சொல்வதா? அந்தோனியாரே, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவரே, எனக்கு ஒரு மில்லிமீற்றரும் அரையும் தொலைந்துபோய்விட்டது.

மேசையைத் துடைக்கலாம் என்று எழும்பினேன். எரிச்சல் வந்தால் நான் எதையாவது துடைப்பேன். ஒதுக்கி வைத்த கடிபட்ட சன்னங்கள் ஆறும் உருண்டுவிடக் கூடாதென்று துவாயின் ஓரத்தில் வரிசையாக நிற்க வைத்தேன், அடி தட்டை, நிற்கும். யன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தது. வெளிச்ச மேசையில் நிற்கிற மாதிரி என் கண் தானாகவே ஓடியது, இடமிருந்து வலம், ஒன்று, இரண்டு, மூன்றில் நின்றது. மூன்றாவது மெலிவு. ஐந்தாவதும் மெலிவு. இல்லை, மெலிவு இல்லை, மற்ற நாலுக்கும் பக்கத்தில் வைத்தால் தோள் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது, நுனி கொஞ்சம் கட்டையாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கும் இது தெரியும்: இரண்டு வேறு ஆளுக்குத் தைத்த சட்டை. குனிந்தேன். கடித்த அடையாளமும் வேறு வேறு உயரத்தில். பால்மா பேணியை அப்படியே துவாயில் கொட்டினேன், எண்பது தொண்ணூறு சன்னம் பயற்றங்காய் விதை மாதிரிச் சிதறியது, பிரித்தேன், மீனைத் தரம் பிரிக்கிற வேகத்தில் பிரித்தேன், இதுக்குள் இது, அதுக்குள் அது. ஐந்து நிமிடமும் ஆகவில்லை. பாதி ஒரு வகை, பாதி இன்னொரு வகை. என் கை பிழைக்கவில்லை. கலிப்பர் பிழைக்கவில்லை. நான் ஒன்றையே வைத்து ஐந்து தரமும் அளந்திருந்தால் ஐந்தும் ஒன்றாக வந்திருக்கும், அவரும் அதை நம்பியிருப்பார், அந்த நீளத்துக்கு எல்லாவற்றையும் செய்திருப்பார், பாதி சரியாக இருந்திருக்கும், பாதி அந்த வரிகளில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். போன வருடமும் அதுதான். நிலவறைக்குள் தண்ணீர் வந்தபோது சன்னம் இருந்த இரண்டு மட்டைப் பெட்டியும் ஊறிப்போனது என்று அவர்தான் இரண்டையும் இந்தப் பேணிக்குள் கொட்டினார். எங்கள் வீட்டில் எதுவும் அப்படித்தான், மிச்சம் என்றால் ஒரு பேணிக்குள் போகும், நானும் அப்படித்தான் பருப்பையும் பருப்பையும் கொட்டி வைக்கிறவள். அதைச் சொல்லி ஏச முடியாது. ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் செய்யும்போது சன்னத்தை விரலில் பிடித்துக் கோதின் வாயில் நிறுத்தினவர், விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தவர், ஒன்றா இரண்டா, ஐம்பது. ஐம்பது தரம் பார்த்தும் இரண்டு வகை என்று தெரியவில்லையா?

கதிரையில் இருந்துவிட்டேன். தெரியவில்லை. அவருக்குத் தெரியவில்லை. ஆனியில் சந்தையில் என்னைத் தாண்டிப் போனார், நான் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார், இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார், கிழடு என்று ஏசினேன். வேட்டைக்கு முன்னால் வருடா வருடம் சுட்டுக் காட்ட வேண்டும், இந்த முறை ஐந்தாம் தரம்தான் தேறினார், தொலைநோக்குக் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது என்றார். வெயில் அடித்த நாள் அது. பத்திரிகையை இப்போது நான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பார், என் நோர்வே மொழி திருந்தட்டுமாம். நான் அதற்கும் எரிந்து விழுந்தேன், சொல்லுக்குச் சொல் தடக்கி வாசித்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு மீனுக்குள் இருக்கிற புழு தெரிகிறது. காலையிலிருந்து நான் அவருடைய முகத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன், துவக்குக்குப் பின்னால் இருக்கிற ஒரு முகத்துக்கு. முன்னால் யார் நிற்பார்கள் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. செம்மஞ்சள் தொப்பி போட்ட பத்துப் பேர், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில். கடவுளே. அந்த மனுஷன் இப்போது காரை ஓட்டிக்கொண்டு வருகிறார்.

கார்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்து, சப்பாத்துக் கழன்று, சுவரில் ஒரு கை தடவிக்கொண்டு வருகிற சத்தம், இத்தனை நாள் அதை நான் கேட்டும் கேட்கவில்லை. மரியாள் மாதாவே என்று மேசையைப் பார்த்துச் சொன்னார், ஏன் எல்லாத்தையும் கொட்டி வைச்சிருக்கிறீர், எத்தனை வந்தது? நான் ஒவ்வொரு குவியலிலும் ஒன்று எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்டோ, வேறயோ?"

யன்னல் பக்கம் திரும்பினார். கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், தள்ளினார். பெருவிரலால் இரண்டையும் உருட்டினார். வெகுநேரம் உருட்டினார்.

"ஒண்டுதான்," என்றார். பிறகு என் மூச்சைக் கேட்டிருக்க வேண்டும். "இல்லையோ?"

"இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பாருங்கோ."

"ஏனப்பா இந்த விளையாட்டு."

"பொத்துங்கோ."

பொத்தினார். அந்த வலது கண்ணால்தான் குறி பார்ப்பார். அது என்னுடைய தலைக்குக் கொஞ்சம் மேலே எதையோ பார்த்தது. என்ன தெரிகிறது என்று கேட்டேன். கோவமா நிக்கிறீர், என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கண் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்பே அழுகையாகப் போகப்பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு காலம் என்றேன். கதிரையை இழுத்து இருந்தார். முந்தின வருடத்து மாரியிலிருந்து என்றார், நடுவில் ஒரு புகை, ஓரமெல்லாம் நல்லாய்த் தெரியும் என்றார், வேட்டை முடிய டொக்டரிடம் போவம் என்று இருந்தாராம், முதலே போனால் காரையும் துவக்கையும் ஒன்றாய் வாங்கி வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை ஒருநாள் மட்டும், என்றார். கடைத் தோட்டாவே வாங்கிக்கொண்டு போறன் யூஜினி, என்றார். இத்தனை வருடம் நான் கெஞ்சியதை இப்போது தருகிறார். நான் அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஓட்வாருக்கு எடுங்கோ. அவர் போனைக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், அதன் கண்ணாடியை விரலால் தடவினார், பிறகு என்னிடம் நீட்டினார். நான் பெயரைத் தேடி அழுத்திக் கொடுத்தேன்.

நோர்வே மொழியில் அவர் வேறு ஆள், குரல் அகலமாகிவிடும். சிரித்தார், மழையைப் பற்றி ஏதோ சொன்னார், பிறகு முதுகு என்றார். முதுகு என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும், தொழிற்சாலையில் எல்லாருக்கும் அதுதான் நோவு. முதுகு சரியில்லை, துவக்கோடு வரமாட்டேன் என்கிறார். சரி, போகட்டும், மனுஷனுக்கு அதுவாவது இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். அங்கே ஓட்வார் எதையோ கேட்டான், இவர் ஓம் ஓம், கார் ஓட்டுவேன், இறைச்சியை நான் ஏற்றிக்கொண்டு வருவேன் என்றார், முகம் மலர்ந்துவிட்டது. காட்டுப் பாதையில். புகைக்குள்ளால். நான் போனைப் பறித்தேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் ஓட்வாரோடு காலை வணக்கத்துக்கு மேல் கதைத்ததில்லை, வினைச்சொல்லெல்லாம் நாக்கில் குழம்பியது. முதுகில்லை, என்றேன். கண். பொனிபாஸ் பார்க்கேல்லை. சுடக்கூடாது, ஓட்டக்கூடாது, நான் மனைவி, நான் சொல்கிறேன். பிறகு ஓட்வார் ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். போன வருடமே எங்களுக்குத் தெரியும், என்றான். அதனால்தான் அவனை ஏரிக்கரையில் நிறுத்தினோம். அவனுக்கு முன்னால் தண்ணீர் மட்டும்தான், அங்கே ஒரு மிருகமும் வராது. கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை, நீ கேட்டது நல்லது. இறைச்சியில் அவன் பங்கை நானே கொண்டுவந்து தருவேன்.

நான் போனை வைத்தேன். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு, முகத்தை என் பக்கமாகவும் என் பக்கம் இல்லாமலும் வைத்துக்கொண்டு இருந்தார். ஏரிக்கரை. இந்த ஒரு வருடத்தில் அந்த ஏரிக்கரையைப் பற்றி எத்தனை தரம் சொல்லியிருப்பார், தலைவன் எனக்குத்தான் தண்ணீர்ப் பக்கம் தந்தவன், அது பெரிய நம்பிக்கை என்று. எனக்கு அலுத்துப்போகும் வரை சொன்னார். விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், பையில் தானே செய்த தோட்டாக்களோடு.

"என்னவாம்?" என்றார்.

"உங்கட பங்கு இறைச்சி வருமாம்."

அவர் யோசித்தார். தலையை ஆட்டினார். "ஆர் சுட்டாலும் எல்லாருக்கும் சமபங்கு," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "அதுதான் இவங்கட முறை."

ஓம், என்றேன்.